112 கண்ணிகளும் இரண்டு தாள் கனமும்

மொட்டை மாடியில் பழைய செயினையும் புதிய செயினையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டேன். இரண்டிலும் 112 கண்ணிகள். ஒரு முனையை ஒரே ஆணியில் மாட்டிவிட்டு மறுமுனையை இழுத்துப் பிடித்ததும், பழையது 22 மி.மீ. தள்ளிப்போய் நின்றது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஸ்கேலை வைத்து இரண்டு தடவை அளந்து பார்த்தாள். "ஏப்பா, இரும்பு எப்படிப்பா ரப்பராட்டம் நீளும்?" என்றாள்.

பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் "செயின் நீண்டுபோச்சு" என்றுதான் சொல்கிறோம். ஒர்க்‌ஷாப்பிலும் அதே பேச்சுதான். ஆனால் எங்கள் வண்டி போன்ற சாதாரண பைக்கின் செயினை அறுக்க ஒன்றரை டன்னுக்கும் மேல் இழுக்க வேண்டும். வண்டி அதற்குக் கொடுக்கும் இழுப்பு எவ்வளவு என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். என்ஜின் 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வையுங்கள். முதல் கியரில் அது ஏறத்தாழ பத்து மடங்காகி முன் பற்சக்கரத்துக்கு, அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு வருகிறது. அந்த ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் வெறும் 28.5 மி.மீ. அப்படியானால் செயினில் விழும் இழுப்பு 280 கிலோ அளவில் வரும். சின்ன வண்டிக்கு அது பெரிய விசைதான். ஆனாலும் அறுபடும் விசையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இழுப்பில் எஃகுத் தகடு சிறிது விரிந்து, விட்டதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நிரந்தரமாக நீளாது.

அப்படியென்றால் அந்த 22 மி.மீ. எங்கிருந்து வந்தது?

செயினில் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன. உள் கண்ணியின் இரண்டு தகடுகளையும் இரண்டு குட்டிக் குழாய்கள் இணைக்கின்றன. அந்தக் குழாய்தான் புஷ். புஷ்ஷின் மேல் தளர்வாகச் சுழலும் வளையம் ரோலர். வெளியிலிருந்து பார்த்தால் ரோலர்தான் தெரியும். வெளிக் கண்ணியின் தகடுகளை இணைப்பவை சுமார் 4.5 மி.மீ. தடிமனுள்ள கம்பிகள். இவற்றுக்குப் பெயர் பின். ஒவ்வொரு பின்னும் பக்கத்துக் கண்ணியின் புஷ்ஷுக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது. செயின் வளைகிறது என்றால், பின் புஷ்ஷுக்குள் திரும்புகிறது என்று பொருள். இழுபட்டுக்கொண்டே திரும்புவதால் இரண்டும் உரசுகின்றன. பின்னின் ஒரு பக்கமும் அதைத் தாங்கும் புஷ்ஷின் உட்பக்கமும் மெல்ல மெல்லத் தேய்கின்றன. தேய்ந்த அளவுக்கு அந்த மூட்டில் இடைவெளி விழுகிறது.

மகள் 22-ஐ 112-ஆல் வகுத்தாள். ஒரு மூட்டுக்கு 0.2 மி.மீ. வந்தது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் இரண்டை ஒன்றாக வைத்தால் வரும் கனம். ஒற்றை மூட்டைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் அந்த ஆட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். 112 மூட்டுகளில் சேரும்போது ஒரு விரல் அகலத்தையே தாண்டிவிடுகிறது.

அந்த இரண்டு தாள் கனம் தேய்வதற்கு அந்தப் பின் எவ்வளவு தூரம் உரசியிருக்கும் என்று அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்கள் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் 44 பல். பின் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். ஒரு கி.மீ. ஓடினால் சக்கரம் சுமார் 526 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 44 கண்ணிகள் கடக்கும். அதை 112-ஆல் வகுத்தால், ஒரு கி.மீ. தூரத்தில் செயின் முழுசாக 206 தடவை வலம் வருகிறது. ஒவ்வொரு வலத்திலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை மடங்குகிறது: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, பின் ஸ்ப்ராக்கெட்டில் அதேபோல் இரண்டு. முன்னால் மடங்கும் கோணம் 360-ஐ 14-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 25.7 பாகை. பின்னால் 44-ஆல் வகுக்க வேண்டும், 8.2 பாகை. இந்தக் கோணங்களில் 4.5 மி.மீ. பின் திரும்பும்போது அதன் மேற்பரப்பு ஒரு வலத்துக்கு மொத்தமாக 2.7 மி.மீ. தூரம்கூட உரசுவதில்லை.

இந்தச் செயின் 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதாவது 45 லட்சம் வலங்களுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு பின்னும் தன் புஷ்ஷுக்குள்ளேயே 12 கி.மீ. உரசி நடந்திருக்கிறது. பளுவைச் சுமந்துகொண்டு, மழையிலும் புழுதியிலும் 12 கி.மீ. நடந்து, இழந்தது இரண்டு தாள் கனம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு பழைய செயினை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு தாங்கும் அமைப்பை யோசித்தவர் ஹான்ஸ் ரெனால்ட். 1852-இல் ஸ்விட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்தவர். 1873-இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தார். நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்த ஊர் அது. அங்கே சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் ஆலை எந்திரங்களுக்குச் செயின் செய்துவந்தார். அந்தச் சிறிய பட்டறையை 1879-இல் ரெனால்ட் விலைக்கு வாங்கினார். அன்றைய செயின்களில் பின் நேராகத் தகட்டின் துளைக்குள் உரசிக்கொண்டிருந்தது. தகட்டின் கனம்தான் தாங்கும் அகலம். அத்தனை விசையும் அந்த மெல்லிய விளிம்பில் விழுந்ததால் துளை சீக்கிரமே நீள்வட்டமாகிவிடும். ரெனால்ட் 1880-இல் இரண்டு உள் தகடுகளுக்கும் நடுவே புஷ்ஷைப் பொருத்தினார். பின்னின் பளு இப்போது புஷ்ஷின் முழு நீளத்துக்கும் பரவியது. மேலே ரோலர் உருளுவதால் பல்லோடு உரசுவதும் குறைந்தது. இன்று என் மாடியில் கிடக்கும் செயினும் அதே அமைப்புதான். எஃகு மாறியிருக்கிறது, பின்னின் மேல்தோலைக் கடினப்படுத்தும் முறை மாறியிருக்கிறது, சில செயின்களில் ரப்பர் வளையம் வந்திருக்கிறது. அடிப்படை வடிவம் 1880-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

1885-இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிள் பின் சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் வடிவம் அங்கிருந்துதான் வந்தது. 1903 டிசம்பர் 17-இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்திலும் செயின் இருந்தது. ஒரே என்ஜின், இரண்டு விசிறிகள். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும் என்பதால், ஒரு செயினை எட்டு என்ற எண்ணைப் போலக் குறுக்காகத் திருப்பி மாட்டினார்கள். இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றின. பறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் சோதித்தபோது ஸ்ப்ராக்கெட்டுகள் தண்டில் நிற்காமல் தளர்ந்துகொண்டே இருந்தன. சைக்கிள் கடைக்காரர்களான அவர்கள், சைக்கிள் டயரை ஒட்டும் பசையைக் காய்ச்சி ஊற்றி அதை நிறுத்தினார்கள். அன்று தளர்ந்தது செயின் இல்லை, ஸ்ப்ராக்கெட். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் அப்படிப் பார்க்காமல் விட்டதால் ஒரு செயினை இழந்திருக்கிறேன். முன்பு ஒரு தடவை வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் செயினை மட்டும் மாற்றித் தந்தார்கள். "ஸ்ப்ராக்கெட் நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஓடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். 5,000 கி.மீ. தாண்டுவதற்குள் புதுச் செயின் தொளதொளவென்று ஆகிவிட்டது.

ஏன் என்பதை இந்தத் தடவை பழைய முன் ஸ்ப்ராக்கெட்டைக் கையில் எடுத்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். புதிய பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவில், முனை மழுங்கி, கோயில் மதிலின் மேல் வரிசையைப் போல ஒழுங்காக இருக்கும். பழைய பல் ஒரு பக்கம் மட்டும் குடைந்துபோய், முனை கூர்ந்து, கருக்கரிவாள்போல வளைந்திருந்தது. குடைந்த பக்கம் கண்ணாடிபோல மின்னியது. மறுபக்கத்தில் ஆலையில் அடித்த மஞ்சள் பூச்சு இன்னமும் மிச்சம் இருந்தது. இழுப்பு எப்போதும் ஒரே திசையில்தான் வருகிறது என்பதை அந்தப் பல்லே காட்டிவிட்டது.

நடந்தது இதுதான். செயினின் கண்ணி இடைவெளி கூடும்போது ரோலர்கள் பல்லின் அடிக்குழியில் உட்காராமல் கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். கண்ணி நீண்டுவிட்டதால் அதற்கேற்ற பெரிய வட்டத்தைத் தேடி ஏறுகிறது. ஏறிய இடத்தில் பல்லைக் குடைந்து தனக்கு ஓர் இருக்கை செய்துகொள்கிறது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் இப்படிச் சேர்ந்தே தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. அந்தக் குடைந்த பல்லில் சரியான 12.7 மி.மீ. இடைவெளியுள்ள புதுச் செயினைப் போட்டால் பொருந்துவதில்லை. நல்ல ஸ்ப்ராக்கெட்டில் முதல் பல் அதிக இழுப்பைத் தாங்கும், அடுத்தது அதைவிடக் குறைவாக, அதற்கடுத்தது இன்னும் குறைவாக என்று பளு பகிரப்படும். கெட்டுப்போன ஸ்ப்ராக்கெட்டில் இந்தப் பகிர்வு குலைந்து ஒன்றிரண்டு பற்களே அனைத்தையும் சுமக்கின்றன. கொக்கிபோல வளைந்த பல் ரோலரை எளிதில் விடுவதும் இல்லை. ஆகவே செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகள் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கடைகளில் செயின் செட் என்று ஒரே பெட்டியில் வைத்து விற்பதற்கு இதுதான் காரணம். இதில் வியாபாரத் தந்திரம் ஏதுமில்லை.

முன் ஸ்ப்ராக்கெட்தான் முதலில் சாகும். நாங்கள் போட்ட கணக்கின்படி, ஒரு கி.மீ. தூரத்தில் பின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் 526 தடவை செயினைச் சந்திக்கிறது. முன்னால் உள்ள பல்லோ 1,653 தடவை. மூன்று மடங்குக்கும் மேல். ஒர்க்‌ஷாப்பில் பின்னால் உள்ள பெரிய ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது எளிது. அது கண்ணெதிரே இருக்கிறது. சின்னது மூடிக்குள் ஒளிந்திருக்கிறது.

பழைய ஸ்ப்ராக்கெட்டில் மகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். "ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு ஜாஸ்தி தேஞ்சிருக்குப்பா." உண்மைதான். உள் கண்ணியில் இரண்டு புஷ்களும் தகட்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. அவற்றின் நடுத்தூரம் கடைசிவரை 12.7 மி.மீ. தான். தேய்மானத்தால் விழும் இடைவெளி முழுவதும் வெளிக் கண்ணியின் பக்கம் போய்ச் சேருகிறது. எங்கள் பழைய செயினில் ரோலருக்கு ரோலர் தூரம் 12.7, 13.1, 12.7, 13.1 என்று மாறி மாறி வந்தது. கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, பற்களின் எண்ணிக்கையும் இரட்டைப்படை. ஆகவே ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வந்து விழுகிறது. பல்லின் எண்ணிக்கை 13 அல்லது 15 என்று ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணி மாறி விழும், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் போகும். பல வண்டிகளில் ஒற்றைப்படைப் பற்களைப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

பல்லைக் குறைத்தால் மேட்டில் வண்டி நன்றாக இழுக்கும் என்று சிலர் முன்னால் சின்ன ஸ்ப்ராக்கெட் போடுகிறார்கள். இழுப்பது உண்மை. ஆனால் ஸ்ப்ராக்கெட்டில் செயின் வட்டமாக வளைவதில்லை. கண்ணிகள் நேர்க்கோட்டுத் துண்டுகள். 14 பல் என்றால் 14 பக்கமுள்ள பலகோணம். பலகோணத்தின் மூலை கடக்கும்போது செயின் கொஞ்சம் வேகமாகவும், பக்கத்தின் நடு கடக்கும்போது கொஞ்சம் மெதுவாகவும் இழுபடுகிறது. 14 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 2.5 சதவீதம். 13 பல்லில் 2.9. எட்டுப் பல்லாக இருந்தால் 7.6 சதவீதம் ஆகிவிடும். 44 பல்லில் வெறும் கால் சதவீதம். பல் குறையக் குறைய அதிர்வும் கூடும், கண்ணி மடங்கும் கோணமும் கூடும். பின் புஷ்ஷுக்குள் இன்னும் அதிக தூரம் நடக்க வேண்டிவரும்.

இனி வேலைக்கு வருவோம். எங்களுக்கு ஒரு ஞாயிறு காலை பிடித்தது. செட் வாங்கும்போது பார்க்க வேண்டியது செயின் தகட்டில் பொறித்திருக்கும் எண். எங்களுடையது 428. முதல் இலக்கம் கண்ணி இடைவெளி, அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கில். நான்கு எட்டு என்றால் அரை அங்குலம், அதுதான் 12.7 மி.மீ. பெரிய பைக்குகளின் 520, 525 செயின்களில் அது ஐந்து எட்டு, 15.875 மி.மீ. கடைசி இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். எண்ணோடு கண்ணிகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். எங்கள் கோவையிலேயே 1937-இல் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் ரோலான் என்ற பெயரில் செயின் செய்கிறது. சென்னை அம்பத்தூரில் டயமண்ட் செயின் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் நல்ல செட் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் தளர்த்த வேண்டியது முன் ஸ்ப்ராக்கெட்டை. செயின் இன்னும் மாட்டியிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும், கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கியர் லீவரைக் கழற்றும் முன் அது தண்டில் எந்த நிலையில் இருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்பாக, ஈரக் களிமண்போல ஓர் அப்பம். பல வருட எண்ணெயும் சாலைப் புழுதியும் சேர்ந்து இறுகியது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்தபின்தான் போல்ட்டே கண்ணில் பட்டது. மகள் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். சின்ன வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டு போல்ட்டும் ஒரு தகட்டைத்தான் பிடித்திருக்கின்றன. அந்தத் தகட்டை அரைப் பல் திருப்பினால் தண்டின் பள்ளத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்துவிடும். பெரிய வண்டிகளில் ஒரே பெரிய நட்டு இருக்கும், அதைத் தளர்த்த நீளமான ஸ்பேனரும் தோள் பலமும் வேண்டும்.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் வண்டி, செயின் கவர், செயின் லாக், ஆக்ஸில் நட்டு, பிரேக் ராடு, சக்கரம். கழற்றும் வரிசையிலேயே ஸ்பேசர்களையும் வாஷர்களையும் தரையில் வரிசையாக வைத்தோம். மகள் அதை செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். திரும்ப மாட்டும்போது எந்த ஸ்பேசர் எந்தப் பக்கம் என்ற சந்தேகம் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அந்தப் படம்தான் காப்பாற்றியது.

சக்கரத்தை வெளியே எடுத்த பிறகு அவசரப்பட்டு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு மாட்டிவிடாதீர்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே கப்ளிங் ரப்பர்கள் இருக்கும். என்ஜின் திடீரென்று இழுக்கும் அடியை முதலில் வாங்குவது அவைதான். கையால் ஸ்ப்ராக்கெட்டைத் திருகிப் பார்த்து தடதடவென்று ஆடினால் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். ரப்பர் செத்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அந்த அடி நேராகச் செயினின் பின்னுக்குப் போகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்கி, லாக் வாஷரின் காதை மடக்கிவிட்டோம்.

புதுச் செயினின் இரண்டு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேலேயே கொண்டுவந்து சேர்த்தால் வேலை சுலபம். அடுத்தடுத்த பற்கள் இரண்டு முனைகளையும் சரியான தூரத்தில் பிடித்துக்கொள்ளும். இணைப்புக் கண்ணியான லாக்கைச் செருகி, தகட்டை வைத்து, கிளிப்பை நோஸ் பிளேயரால் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கிளிப் மீன் வடிவில் இருக்கும், ஒரு முனை மூடியது, மறுமுனை பிளந்தது. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மேல் வரிசை முன்னோக்கி ஓடுகிறது, அதனால் மேலே இருக்கும்போது மூடிய முனை என்ஜினைப் பார்க்கும். மாற்றி மாட்டினால், ஓட்டத்தில் ஒரு கல்லோ கவரின் விளிம்போ பிளந்த முனையில் இடித்துக் கிளிப்பைக் கழற்றிவிடலாம். கழன்ற செயின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டால் வண்டி நின்ற இடத்தில் பூட்டிக்கொள்ளும். பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை விரிந்த கிளிப்புக்கு அந்தப் பிடி வருவதில்லை. பெரிய பைக்குகளில் கிளிப்புக்குப் பதில் பின்னின் முனையை அழுத்தி விரிக்கும் லாக் வரும். அதற்கென்று தனிக் கருவி இல்லாமல் சுத்தியலால் முயற்சி செய்யவே கூடாது.

அடுத்தது தொய்வு. இந்த ஒன்றில்தான் வீட்டில் செய்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். புதுச் செயின் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. எங்கள் கையேடு கீழ் வரிசையின் நடுவில் 25 மி.மீ. அளவுக்கு மேலும் கீழும் ஆட்டம் கேட்கிறது.

அதற்குக் காரணம் மூன்று புள்ளிகள். முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு இணையும் இடம் இரண்டு. பின் ஆக்ஸில் மூன்று. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அது இரண்டாவது புள்ளியை மையமாக வைத்து ஒரு வில்லில் நகர்கிறது. செயினோ முதல் புள்ளியிலிருந்து இழுக்கிறது. இரண்டு மையமும் ஒன்றல்ல என்பதால், சக்கரம் நகர நகர முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும், செயின் அப்போதுதான் மிக விறைப்பாக இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அந்த நேர்க்கோடு வருவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் வருகிறது. சோதித்துப் பார்த்தோம். ஸ்டாண்டில் 27 மி.மீ. இருந்த தொய்வு, ஸ்டாண்டை எடுத்துவிட்டு நானும் மனைவியும் ஏறி உட்கார்ந்ததும் 18 ஆகிவிட்டது. ஸ்டாண்டிலேயே விறைப்பாகக் கட்டியிருந்தால், வேகத்தடையில் அந்த இழுப்பு என்ஜினின் தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். 25 மி.மீ. தொய்வு வெறும் தளர்ச்சியாகத் தெரியலாம். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது தேவைப்படும் நீளம் அங்கேதான் இருக்கிறது.

தொய்வை ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கைந்து இடத்தில் பார்த்து, மிக விறைப்பாக இருக்கும் இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும். ஆக்ஸிலின் இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாகி, பல் செயின் தகட்டின் உட்பக்கத்தைச் சுரண்டும். பின்னால் குனிந்து செயின் வரிசையின் மேலாகப் பார்வையை ஓட்டினாலே கோணல் தெரிந்துவிடும்.

எண்ணெய் எங்கே விட வேண்டும் என்பதும் அந்த இரண்டு தாள் கனத்திலிருந்தே வருகிறது. பலர் ரோலரின் மேல் ஊற்றுகிறார்கள். ரோலருக்கும் பல்லுக்கும் அது கொஞ்சம் உதவும். தேய்மானம் நடக்கும் இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. அங்கே போக ஒரே வழி, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் இருக்கும் மயிரிழைச் சந்து. கீழ் வரிசையின் உட்பக்கத்தில், இரண்டு ஓரத்திலும் அந்தச் சந்துகளில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வண்டியை ஓட்டி வந்த கையோடு விடுவது நல்லது. சூடான செயினில் எண்ணெய் இளகி உள்ளே இழுபடும், இரவில் நின்று படியும். மேலே வழிவதைக் கட்டாயம் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் புழுதியைப் பிடிக்கும். தெருப் புழுதியில் இருக்கும் மணல் குவார்ட்ஸ், கடினப்படுத்திய எஃகுக்கு ஏறத்தாழ ஈடான கடினம் கொண்டது. எண்ணெயும் அந்த மணலும் சேர்ந்தால் ஆட்டுக்கல்லில் மாவுக்குப் பதில் மணலைப் போட்டு ஆட்டுவதுபோல ஆகிவிடும். ரப்பர் வளையம் வைத்த செயின்களில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை ஆலையிலேயே அடைத்து மூடிவிடுகிறார்கள். அவை நீண்ட நாள் உழைக்கும். அவற்றைப் பெட்ரோலால் கழுவினால் அந்த வளையம் கெட்டுவிடும், மண்ணெண்ணெய் போதும்.

இன்னும் ஒன்று. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணியை வைத்துத் துடைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றுவதுபோலத்தான் தெரியும். துணியின் ஒரு நூல் கண்ணியில் மாட்டினால் போதும், விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். கையை இழுத்துக்கொள்ளும் எண்ணம் வருவதற்குள் பல் எலும்பைக் கடந்திருக்கும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் சக்கரத்தைச் சுற்றும் முன் அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அன்று காலை முழுவதும் மகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே சொல், "கையைக் காட்டு கண்ணு" என்பதுதான். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிய பிறகே சக்கரம் சுற்றியது.

மாற்றிய மறுநாளிலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது வந்த 'கடக் கடக்' நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவே இருந்த சின்னத் தயக்கம் இல்லை. புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ. தூரத்தில் சற்று வேகமாகத் தளரும். பின்னிலும் புஷ்ஷிலும் இருக்கும் நுண்ணிய மேடுகள் உரசி மழுங்குவதால் வரும் தளர்ச்சி அது, பிறகு மெதுவாகத்தான் தளரும். 500 கி.மீ. ஆன சனிக்கிழமை சாயங்காலம் மகளே ஸ்கேலை எடுத்து வந்தாள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுக் கீழே குந்தினாள். தொய்வு 33 மி.மீ. இருந்தது. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு அட்ஜஸ்டரையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினோம். 26-இல் நின்றது. நட்டை முடுக்கிவிட்டு, தேதியையும் கி.மீ.யையும் அவள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.